ஜப்பான் துரை கேட்ட மீன்கொத்தி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு கோவில் திருவிழாவில் ஆரம்பித்தாலும் முழங்கால் வலியில் ஆரம்பித்தாலும் கடைசியில் மரவள்ளிக்கிழங்கில் வந்துதான் நிற்கும். அவித்துத் தின்றது, சுட்டுத் தின்றது, மாவாக்கிக் கஞ்சி வைத்தது, இலையைக்கூட விடாமல் கடைந்து தின்றது. நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கும், நான் சொல்லிச் சொல்லி உங்களுக்கும் அது மனப்பாடம். அதனால் இன்றைக்குக் கிழங்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் பயத்தையும் பசியையும் தவிர வேறொன்றையும் நான் பார்த்தேன். அது ஒரு பறவை. அதை எனக்குக் காட்டியவள் என் அக்கா. என் அக்காவைப் போல ஒரு கண்காரியை நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டம் மெர்போக் பக்கம் இருந்தது. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு முன்னால் ரப்பர்ப் பால் மரக்காடு. பின்னால் கொஞ்ச தூரம் இறங்கினால் ஆறு. ஆற்றோரம் முழுக்க உப்புத் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் பாக்காவ் மரங்கள். கடல் ஏறும்போது அந்த மரங்களுக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வற்றும்போது வேர்களெல்லாம் வெளியே வரும், சேறு நாறும், நண்டு ஓடும். தோட்டத்துச் சனங்களுக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது. பால் மரத்தடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேறு ஓர் அருவருப்பு. பசி வந்த பிறகுதான் அம்மா அதில் கால் வைத்தாள்.

அப்பா அப்போது எங்களோடு இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது முதல் லாரியிலேயே அவரை ஏற்றிவிட்டார்கள். விடியற்காலையில் ஆளை எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் நின்று பேரை வாசித்தவர் எங்கள் கங்காணி. சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள் என்று அவர் சொன்னதை நம்பி, போர்த்திக்கொள்ள ஒரு துணிகூட எடுக்காமல் அப்பா போனார். அன்றிலிருந்து அம்மா கங்காணியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் எதிரே வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

வீட்டில் மிஞ்சியது அம்மா, அக்கா, நான். எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அக்கா பெரியவளாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கவலையெல்லாம் அவளைப் பற்றித்தான். சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சிப்பாய்கள் லயத்துக்குள் புகுந்து பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் விடிந்ததும் அம்மா அப்பாவின் சவரக்கத்தியை எடுத்தாள்.

இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி அக்காவுக்கு. அம்மா அதை அடியோடு வழித்து, சுருட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். முனியாண்டிக்கு நேர்த்திக்கடன் என்று லயத்தில் சொல்லிக்கொண்டாள். அந்த டின் பிறகு எங்கேயோ தொலைந்து போனது. இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் பிஸ்கட் டின்னைத் திறக்கும்போது நான் ஒரு கணம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவின் காக்கிக் கால்சட்டையை அக்காவுக்கு இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினார்கள். மார்பைக் கிழிந்த வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றினாள் அம்மா. மேலே கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை. வெளியே அவளை ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஒரு தடவை மறந்துபோய் ‘அக்கா’ என்றேன். அம்மா தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது. அக்காவுக்கும் ஒரே ஓர் உத்தரவுதான். பெரட்டில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. மொட்டைத் தலையும் காக்கிச் சட்டையும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். குரலை என்ன செய்து மறைப்பது?

லயத்துச் சனங்கள் சும்மா இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் லயத்துக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. குழாயடியில் ஒருத்தி குடுமியை ஒருத்தி பிடிக்கிற பெண்கள்தான், இந்த ஒரு விஷயத்தில் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. கங்காணி ஒருவரைத்தான் நம்ப முடியாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பையனாக வேஷம் போட்ட பிறகு அக்காவுக்கு ஒரு லாபம். ஆற்றங்கரைக்குத் தாராளமாகப் போகலாம். வேலை முடிந்ததும் அம்மாவும் அவளும் நானும் நண்டு பிடிக்கப் போவோம். அங்கே கரையோரத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த மலாய்க்கார அம்மாளை நாங்கள் மக்சிக் என்போம். சேற்றில் எப்படிக் கால் வைப்பது, நண்டுப் பொந்தில் எப்படிக் கை விடுவது என்றெல்லாம் அம்மாவுக்குப் பழக்கியது அவள்தான். அம்மா வேகமாகப் பிடிப்பாள். நான் கூடையைப் பிடிப்பேன். அக்கா வேரின் மேல் ஏறி உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நண்டு அவள் காலடியில் ஓடும். “குருவியையா திங்கப் போற?” என்று அம்மா திட்டுவாள். இது ஒன்றுக்கும் உதவாதது, கட்டிக்கொடுத்தால் போகிற வீட்டில் அடுப்பில் பூனைதான் தூங்கும் என்று மக்சிக்கிடம் புலம்புவாள். மக்சிக்கும் தலையாட்டுவாள். இரண்டு பேருமே அக்காவைப் பற்றித் தப்பாகத்தான் கணக்குப் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான் துரை வந்தார். ரப்பர் வேண்டாம், மரவள்ளி நடு, ஆமணக்கு நடு என்று புது உத்தரவு வந்து, அதைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டவர். வெள்ளைக்கார துரை போட்டது போட்டபடி விட்டு ஓடிய பங்களாவில் குடியேறினார். ஒல்லி ஆள். மூக்குக்கண்ணாடி. கழுத்தில் எப்போதும் ஒரு தூரக்கண்ணாடி தொங்கும். அந்தத் தூரக்கண்ணாடியைக் கண்டு லயத்துப் பெண்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. அதில் பார்த்தால் சுவருக்கு உள்ளே இருப்பதும் தெரியும், சேலைக்கு உள்ளே இருப்பதும் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவர் கண்ணாடியைத் தூக்கினால் போதும், பெண்களெல்லாம் குளிக்கிற இடத்திலிருந்து வாளியோடு ஓடுவார்கள். அம்மா கூடுதலாக ஒரு சுற்றுத் துணி சுற்றினாள். அக்காவுக்கு மூச்சு விட முடியவில்லை.

அக்கா மட்டும்தான் அவர் கண்ணாடியைப் பார்க்காமல், கண்ணாடி எங்கே திரும்புகிறது என்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து சொன்னாள், அவர் வாய்க்கால் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைப் பார்க்கிறார், நம்மை இல்லை என்று. உன் புத்தி போலத்தானே எல்லாருக்கும் இருக்கும் என்றாள் அம்மா.

ஒருநாள் பெரட்டில் துரை சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பால் நிறுக்கும் கொட்டகையின் பலகைச் சுவரில் ஒரு பறவையை வரைந்தார். பெரிய தலை, கட்டைக் கழுத்து, கோடாலி போல ஓர் அலகு. செங்கல் துண்டை எடுத்து அலகைச் சிவப்பாக்கினார். குனிந்து ஈரமண்ணை எடுத்துச் சிறகு முழுக்கத் தேய்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இந்தக் கரையில் சில ஆற்றுவாய்களில் மட்டும்தான் அது இருக்கிறது என்று அவர் புத்தகத்தில் படித்தவராம். கையெடுத்துக் கும்பிடாத குறையாக எல்லோரும் நின்றார்கள்.

இங்கேதான் தோட்டத்துப் புத்தி வேலை செய்தது. துரை ஒன்றைக் கேட்டால் அதைப் பங்களா வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கோழியோ, ஆளோ, எதுவானாலும் அதுதான் வழக்கம். பழைய வெள்ளைக்கார துரை பறவைகளைச் சுட்டு, வைக்கோல் அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். சுட்டதைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் இதே கங்காணி. ஆகவே அவர் புது துரையும் அப்படித்தான் என்று முடிவு கட்டினார். ரப்பர் பாலையும் பலாப் பாலையும் எண்ணெயில் காய்ச்சிப் பசையாக்கி, குச்சிகளில் தடவி, வாய்க்காலோரம் நட்டு வைத்தார். இளவட்டத்தில் தோட்டத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் குருவி பிடித்தார்கள். அன்றே ஒரு மீன்கொத்தி ஒட்டிக்கொண்டது. சாக்கில் போட்டு மறுநாள் பெரட்டுக்குக் கொண்டு வந்தார். முகத்தில் ஒரு பெருமை.

துரை சாக்கைத் திறந்தார். வாய்க்காலில் நாம் தினம் பார்க்கிற மீன்கொத்திதான் அது. பழுப்புத் தலை, வெள்ளை நெஞ்சு, நீலச் சிறகு. அந்த நீலம் முழுக்கப் பசையில் ஒட்டி, சாக்கு நாரும் மண்ணும் அப்பி, சிறகு கம்பளி போலச் சுருண்டு கிடந்தது. துரை தரையில் உட்கார்ந்தார். எண்ணெய் கொண்டு வரச் சொல்லி, விரலால் ஒவ்வோர் இறகாகத் தேய்த்துப் பசையை எடுக்கப் பார்த்தார். பசை வரவில்லை, இறகுதான் வந்தது. அத்தனை பேரும் வெயில் ஏறும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பறவை அவர் கையிலேயே செத்தது. அவர் எழுந்து வந்து கங்காணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். தலைப்பாகை தெறித்து விழுந்தது.

கங்காணி குழறினார். இதுதான் துவான், மீன்கொத்தி என்றால் இது ஒன்றுதான், வேறு ஜாதி கிடையாது என்றார். துரை சுவரில் இருந்த படத்தைக் காட்டி ஏதோ கத்தினார். எங்களுக்குப் புரியவில்லை. அப்போது பையன்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், தெளிவான மலாயில், “இது அது இல்ல, துவான். அது ஆத்துல இருக்கு. பாக்காவ் காட்டுக்குள்ள” என்று சொன்னது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். படித்த எனக்கே அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை சில்லிட்டுப் போனது. அக்காவின் குரல் ஒருக்காலும் பையன் குரல் இல்லை. மணி அடித்தது போல இருக்கும். துரை மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். மொட்டைத் தலையில் ஆரம்பித்து, கால் வரைக்கும் பார்த்தார்.

கங்காணி கீழே விழுந்த தலைப்பாகையை எடுத்தார். ஒரு கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது. வாயைத் திறந்தால் அவருக்கு இன்னோர் அறை கிடைக்கலாம். திறந்தார். “சின்னப் பையன், துவான். குரல் இன்னும் உடையல” என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் பார்க்காமல் தலைப்பாகையைத் தட்டிக் கட்டிக்கொண்டார். அம்மா அதுவரை அவரை நினைத்த நினைப்பெல்லாம் ஒரு நொடியில் தலைகீழாகிப் போனது.

துரை, நாளைக்கு அந்த இடத்தைக் காட்டு என்றார் அக்காவிடம். அவள் மாட்டேன் என்பாள் என்று நான் நினைத்தேன். அவளோ, காலையில் வேண்டாம், தண்ணீர் வற்றின பிறகு வாருங்கள், வற்றினால்தான் நண்டு வெளியே வரும், நண்டு வந்தால்தான் அது வரும் என்று அவருக்கே நேரம் குறித்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏண்டி பேசினாய் என்று மட்டும் கேட்டாள். கங்காணி இல்லாததைச் சொன்னார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை என்றாள் அக்கா. அது மட்டுமில்லை, விட்டால் நாளைக்கு எல்லோரும் பசைக் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள், அதையும் இப்படிச் சாக்கில் கொண்டு வருவார்கள் என்றாள். சொல்லும்போது அழுதாள். தனக்கு என்ன ஆகும் என்பதற்கு அழவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டைத் தலையோடு அவள் அவ்வளவு அழகாக இருந்தாள்.

மறுநாள் மக்சிக் தன் சம்பான் படகைக் கொண்டு வந்தாள். துடுப்புப் போட இன்னோர் ஆள் வேண்டும் என்று சொல்லி அம்மாவும் ஏறிக்கொண்டாள். என்னை யாரிடம் விடுவது? நானும் ஏறினேன். நண்டுக் கூடைக்கு அடியில் அம்மா பாராங் கத்தியை வைத்ததை நான் பார்த்தேன். மக்சிக்கும் பார்த்தாள். கூடையை இன்னும் கொஞ்சம் அம்மாவின் கால் பக்கம் தள்ளி வைத்தாள். துரை தனியாகத்தான் வந்தார். துணைக்கு ஒரு சிப்பாயும் இல்லை, இடுப்பில் வாளும் இல்லை. கழுத்தில் கண்ணாடி மட்டும்.

அக்கா முன்னால் உட்கார்ந்தாள். அவள் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறாளோ அந்தப் பக்கம் சம்பான் போனது. பெரிய ஆற்றை விட்டு ஒரு கால்வாய்க்குள் நுழைந்தோம். முதலில் வெள்ளை வயிறும் நீல முதுகுமாக, கறுத்த அலகோடு, வாய் ஓயாமல் கத்துகிற சின்ன மீன்கொத்திகள் வந்தன. துரை சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவை அவருக்குத் தெரிந்தவை. கொஞ்சம் போனதும் நீப்பாத் தென்னை ஓரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. பெரியது. கோடாலி அலகு, அதுவும் ரத்தச் சிவப்பு. துரை அப்படியே எழுந்துவிட்டார். சம்பான் ஆடியது. எனக்கும் அதுதான் என்று பட்டது. சுவரில் வரைந்த படமே உயிரோடு வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

அக்கா தலையை அசைத்தாள். இதில்லை என்றாள்.

இவளுக்கு என்ன வந்தது என்றிருந்தது எனக்கு. பறவையைப் பார்த்தாகிவிட்டது, அவருக்குச் சந்தோஷம், திரும்பிப் போகலாம். ஆமாம் இதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆபத்து பாதி தீர்ந்தது. அம்மாவும் அவளை முறைத்தாள். அக்கா தன் கையை விரித்து, மறுகையால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை தடவிக் காட்டினாள். “சாயாப் பீரு லா, துவான்” என்றாள். இதற்குச் சிறகு நீலம். நீங்கள் வரைந்ததற்கு மண் நிறம். தலையும் வேறு, இதற்குச் சாம்பல் குல்லாய். துரை கண்ணாடியைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையைக் குனிந்தார். ஒரு ஜப்பான்காரர் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு முன் தலை குனிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். நாமெல்லாம் ரோட்டில் சிப்பாய்க்குக் குனிந்து குனிந்து கழுத்து வலித்த காலம் அது.

இன்னும் உள்ளே போனோம். கால்வாய் குறுகி, இரண்டு பக்கத்து மரமும் தலைக்கு மேலே கூடிக்கொண்டது. துடுப்பை எடுக்கச் சொன்னாள் அக்கா. தண்ணீர் வற்றுகிற சத்தம், சேற்றில் குமிழ் உடைகிற சத்தம், கொசு. வேறொன்றும் இல்லை. அவள் விரலைத் தூக்கினாள். செத்த கிளை ஒன்றில் ஒரு பெரிய பழுப்புக் கட்டை போல அது உட்கார்ந்திருந்தது. அவள் காட்டியிராவிட்டால் நான் நூறு வருஷம் உட்கார்ந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். தலையும் நெஞ்சும் மஞ்சள் அரைத்த அம்மி நிறம். சிறகு மட்டும் ஈர மண். அலகு பழுத்த மிளகாய்.

“பெக்காக்கா” என்று மக்சிக் வாய்க்குள் சொன்னாள். பெரிய மீன்கொத்திகளுக்கெல்லாம் மலாயில் அந்த ஒரே பேர்தான்.

துரை கண்ணாடியைத் தூக்கினார். பார்த்தார், பார்த்தார், பிறகு கண்ணாடியை இறக்கப் போனார். அக்கா சட்டென்று அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. தொடாதே என்று சொல்லவும் முடியாது. அக்கா அவரைப் பார்க்கக்கூட இல்லை. இன்னும் இருக்கிறது, பொறுங்கள் என்பது போல அந்தக் கையை மறுபடி கண்ணுக்குத் தூக்கி வைத்தாள். சேற்றில் ஒரு நண்டு ஓடியது. பறவை கிளையை விட்டுப் பாய்ந்தது. அது சிறகை விரித்ததும் முதுகில் ஒரு நீலம் தெரிந்தது பாருங்கள், அதை நான் எதோடு ஒப்பிடுவது? அப்படி ஒரு நீலம் எங்கள் தோட்டத்தில் இல்லை, வானத்திலும் இல்லை. உட்கார்ந்திருந்தவரைக்கும் அது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. நண்டைக் கவ்விக்கொண்டு, கரகரவென்று சிரிப்பது போலக் கத்திக்கொண்டு கால்வாயின் வளைவில் மறைந்தது.

துரை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். பிறகு தூரக்கண்ணாடியைக் கழுத்திலிருந்து எடுத்து அக்காவின் கழுத்தில் மாட்டினார். பறவை திரும்பி அதே கிளைக்கு வந்தபோது அவள் பார்த்தாள். என்னிடமும் கொடுத்தாள். அதன் கண் எனக்குத் தெரிந்தது. அது எங்களைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் நண்டைக் கிளையில் அடித்து அடித்துத் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பசிக்கவில்லை. அதை இன்றைக்கும் ஆச்சரியமாக நினைத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சயாமுக்குப் போன அப்பா கடைசிவரை வரவில்லை. உங்கள் வீடுகளிலும் வராதவர்கள் உண்டு. பறவைக்காக அழுத அந்த மனிதர், லாரி லாரியாகப் போன ஆட்களுக்காக அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவரை நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திரும்பும்போது துரை அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்கா முன்னால், கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரை தாழ்ந்த குரலில், மலாய் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அம்மாவிடம் சொன்னார்: “உன் மகள் கண், நல்ல கண்.”

மகன் என்று சொல்லவில்லை. மகள் என்றார்.

அம்மாவின் கை கூடைக்கு அடியில் போனது. அவர் அதைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் எடுத்து வைத்துக்கொண்டார். யார் சொன்னது என்று அம்மா கேட்டாள். அவள் மனதில் கங்காணி வந்து போயிருப்பார். யாரும் சொல்லவில்லை, வந்த முதல் நாளே தெரியும் என்றார் அவர். பெரட்டில் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறீர்கள். பையன்கள் வரிசையில் அந்த ஒரு பையனை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு பெண்கூட அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. கூடு எங்கே இருக்கிறதோ அங்கே தாய்ப்பறவை பார்க்காது என்றார்.

எங்கள் சனங்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்த காவல் அது. அதுவே காட்டிக் கொடுத்திருக்கிறது.

அவர் இன்னும் சொன்னார். தனக்கு மாற்றல் வந்துவிட்டது, போவதற்கு முன் அந்தப் பறவையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றுதான் சுவரில் வரைந்தாராம். பெசோக், நாளைக்கு, புது ஆள் வருகிறான் என்றார். பிறகு, “அவன் பறவை பார்க்க மாட்டான்” என்றார்.

அம்மா மக்சிக்கைப் பார்த்தாள். மக்சிக், தஞ்சோங் டாவாயில் என் தங்கை இருக்கிறாள், மீன் காயப்போட ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்றாள், ஏதோ ஊர் விஷயம் பேசுவது போல. ஆற்றுவாய் வரைக்கும் போக வேண்டும். தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது, இழுத்துக்கொண்டு போகும்.

லயத்தில் எங்களுக்கு என்ன இருந்தது என்று கேட்பீர்கள். ஓர் அம்மி, இரண்டு சட்டி, அப்பாவின் இன்னொரு சட்டை, சுவரில் மாரியாயி படம், பாதி மூட்டை கிழங்கு. அம்மா அவற்றையெல்லாம் நினைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் துடுப்பை ஒரு தடவை தண்ணீரில் போட்டு எடுக்கிற நேரம்தான். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள், ஒரு பானை உடைந்தால் ஒரு வாரம் ஒப்பாரி வைப்பவள். அவள் அன்று ஒரு வீட்டையே அப்படி விட்டாள். அந்த மனத்திடம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

தோட்டத்துப் படகுத்துறையான ஜெட்டியில் சம்பானை ஒட்டினார்கள். துரை இறங்கினார். அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். கொடுக்க அவளுக்கு மனமில்லை, அதை அவரும் கவனித்தார். வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒரு தடவை குனிந்தார். அம்மா இறங்கவில்லை, நான் இறங்கவில்லை. எங்களை ஏன் இறங்கவில்லை என்று கேட்க வேண்டியவர் அவர்தான். ஆள் எண்ணிக்கை அவர் பொறுப்பு. நாங்கள் போவதைக் கண்டால் நிறுத்தியாக வேண்டும். மக்சிக் சம்பானின் மூக்கைக் கடல் பக்கம் திருப்பினாள்.

ஜெட்டியின் முனையில் அவர் நின்றார். கண்ணாடியைத் தூக்கினார். எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஆற்றின் மேல்பக்கம் திருப்பி, கண்ணில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். சம்பான் நடு ஆற்றுக்கு வந்தது. அவர் இறக்கவில்லை. என்ன பறவை என்று நானும் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். மழை வெளுத்த வானம்தான் இருந்தது.

அம்மாவும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கணம் கூப்பிடுவாரோ என்று அவள் முதுகு விறைத்திருந்தது.

“அங்க ஒண்ணும் இல்லம்மா” என்றாள் அக்கா. “நம்மளப் பாக்காம இருக்கத்தான் அங்க பாக்குறாரு.”

அம்மா அதற்குப் பிறகு திரும்பவில்லை. உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் வரைக்கும் துடுப்பை நிறுத்தாமல் போட்டாள்.